மொட்டை மாடி ஜிம்: சிமெண்ட், பைப், மணலை வைத்து நாமே செய்துகொள்ளும் முழு வழி

முதலில் ஒரு கதையின் கதை. அனுமார் தோளில் சாய்த்து வைத்திருப்பாரே, அந்தக் கதை. ஜிம்முக்குச் சந்தா கட்டிவிட்டு மூன்று மாதம் போகாமல் இருந்த குற்ற உணர்ச்சியில், வீட்டிலேயே ஏதாவது செய்வோம் என்று ஒரு ரப்பர் பந்தில் ஓட்டை போட்டு, அதற்குள் சிமெண்ட் கலவையை நிரப்பி, நடுவில் பச்சை மூங்கில் ஒன்றைச் செருகி வைத்தேன். காய்ந்ததும் பந்தைக் கிழித்து எடுத்தால் அச்சு அசலான கதை, ஐந்து கிலோ. ஒரு மாதம் நன்றாகத்தான் சுழன்றது. அப்புறம் ஒரு நாள் காலையில் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசும்போது கை திடீரென்று லேசாகிப் போனது. மூங்கில் மட்டும் கையில் இருக்கிறது, குண்டு பறந்துபோய் ஹவுஸ் ஓனரின் தண்ணீர்த் தொட்டி மூடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்கத் தொட்டிக்குள் இறங்கியதும் நான்தான்.

பக்கத்துத் தெருவில் வேலை பார்த்த கொத்தனாரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, பச்சை மூங்கில் கலவைத் தண்ணியைக் குடிச்சு உப்பும், காய்ஞ்சதும் சுருங்கும், சிமெண்ட் சுருங்குமா?" என்றார். அவ்வளவுதான் விஷயம். மூங்கில் மெலிந்துபோக, குண்டு வெறும் உரசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அன்றிலிருந்து எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது உடைந்தால் எங்கே விழும்? காலுக்குப் பக்கத்தில் தரையில் விழும் என்றால் தாராளமாக நாமே செய்யலாம், சொதப்பினால் மறுபடி செய்யலாம். நம் தலையில், மார்பில் அல்லது அடுத்தவர் மாடியில் விழும் என்றால் அங்கே கஞ்சத்தனம் கூடாது, தெரிந்த ஆளிடம் வேலையைக் கொடுக்க வேண்டும், சிலதைக் கடையில் வாங்கிவிட வேண்டும். கீழே எழுதியிருப்பது முழுக்க இந்தக் கணக்கில்தான்.

வெயிட் பிளேட்: சிமெண்டில் வார்ப்பது

இரும்பு பிளேட் கிலோ கணக்கில் விற்கிறார்கள், நூறு கிலோ சேர்ப்பதற்குள் பர்ஸ் காலி. சிமெண்டில் அந்தக் கவலை இல்லை. ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, அதோடு மணலும் ஜல்லியும் சேர்த்தால் கிட்டத்தட்ட 300 கிலோ வெயிட் வார்க்கலாம். நமக்குக் கால் மூட்டை போதும், சில்லறையாகக் கிலோ கணக்கில் கொடுக்கும் ஹார்டுவேர் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பழைய மூட்டையில் கட்டி தட்டிப்போன சிமெண்டை மட்டும் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அச்சுக்கு அடி தட்டையான பிளாஸ்டிக் பேசின். 30 செ.மீ விட்டம் உள்ளதாகப் பாருங்கள், அதில் 6 செ.மீ உயரத்துக்குக் கலவை ஊற்றினால் ஏறக்குறைய 10 கிலோ பிளேட் வரும். கணக்குப் போட அலுப்பாக இருந்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது. பேசினில் லிட்டர் டப்பாவால் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதை 2.3-ஆல் பெருக்கினால் கான்கிரீட்டின் எடை கிலோவில் வந்துவிடும். 4.3 லிட்டர் தண்ணீர் என்றால் 10 கிலோ. அந்த மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிடலாம். பேசினை வீட்டிலிருந்து எடுக்காமல் புதிதாக வாங்குவது நல்லது. நான் அம்மா அரிசி களையும் பேசினை எடுத்துவிட்டு வாங்கிய திட்டு, அந்தத் தொட்டி மூடிக்கு வாங்கியதைவிட அதிகம்.

நடுவில் ஓட்டை வேண்டும், அதுவும் நேராக வேண்டும். பிளேட் மாட்டித் தூக்கும் பார் எந்த பைப்போ அதைவிட ஒரு சுற்றுப் பெரிய பிவிசி பைப்பை 8 செ.மீ துண்டாக வெட்டி பேசின் நடுவில் நிறுத்துகிறோம், அது பிளேட்டோடு அப்படியே தங்கிவிடும். இதில் அளவுக் குழப்பம் ஒன்று உண்டு. ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) ஒரு இஞ்ச் என்று கேட்டு வாங்கினால் வெளி விட்டம் 33.7 எம்எம் இருக்கும், முக்கால் இஞ்ச் என்றால் 26.9. பிவிசி பைப்பில் 32, 40 என்று சொல்வது வெளி விட்டத்தை. ஆக முக்கால் இஞ்ச் பாருக்கு 32 எம்எம் பிவிசி, ஒரு இஞ்ச் பாருக்கு 40 எம்எம் பிவிசி. பிவிசியின் சுவர்த் தடிமன் ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் கடைக்கு ஜி.ஐ. துண்டோடு போய், உள்ளே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கலவை ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று: ஒரு டப்பா சிமெண்ட், ஒன்றரை டப்பா எம்-சாண்ட், மூன்று டப்பா ஜல்லி. ஜல்லி கால் இஞ்ச் அளவுள்ள பொடி ஜல்லியாக இருக்கட்டும், வீடு கட்டும் முக்கால் ஜல்லி இந்த மெல்லிய பிளேட்டுக்குச் சரிவராது, ஓரத்தில் பொத்தல் பொத்தலாக நிற்கும். 10 கிலோ பிளேட் ஒன்றுக்கு சிமெண்ட் 1.6 கிலோ, மணல் 2.6, ஜல்லி 5, தண்ணீர் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீரில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். ஊற்ற வசதியாக இருக்கிறது என்று தோசை மாவு பதத்துக்குக் கரைத்துவிடுவோம், அந்த பிளேட் இரண்டாவது முறை கீழே வைக்கும்போதே மூலை உடையும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கரண்டியால் தட்டினால் மேலே லேசாக ஈரம் கசிய வேண்டும், அதுதான் பதம்.

காய்ந்த சிமெண்டையும் மணலையும் முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரே நிறம் வரும்வரை கலந்துகொண்டு அப்புறம் ஜல்லி, கடைசியில் தண்ணீர். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், கையில் ரப்பர் உறை கட்டாயம். சிமெண்ட் தோலை அரிக்கும், அன்றைக்குத் தெரியாது, மறுநாள் விரல் இடுக்கெல்லாம் எரியும்.

பேசினின் உள்பக்கம் முழுக்கப் பழைய இன்ஜின் ஆயிலையோ தேங்காயெண்ணெயையோ தடவுங்கள், பிவிசி துண்டின் வெளிப்புறத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, அங்கே சிமெண்ட் ஒட்ட வேண்டும். வெளிப்புறத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பாதி உயரம் கலவை போட்டு, மேலே கோழி வலையை வட்டமாக வெட்டி வைத்து (பேசின் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ உள்ளே இருக்கட்டும்), மீதிக் கலவையைப் போடுங்கள். வலை இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை மூன்று சுற்று வளையமாக முறுக்கி வைத்தாலும் சரி. பிளேட் எப்போதாவது வெடிக்கும், அப்போது துண்டுகள் சிதறாமல் பிடித்து வைப்பது இந்தக் கம்பிதான். நிரப்பியதும் பேசினை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் லேசாக, ஆனால் விடாமல் ஐந்து நிமிடம் தட்டுங்கள். முதலில் பெரிய கொப்புளங்கள் வந்து ப்ளக் ப்ளக் என்று உடையும், அப்புறம் பொடிப்பொடியாக வரும், அதற்கப்புறம் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். அப்போது நிறுத்திவிடலாம். அந்தப் பளபளப்பு வருவதற்கு முன்னால் கை வலிக்கிறது என்று விட்டால், பிரித்த பிறகு ஓரமெல்லாம் கரையான் அரித்த மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் நிழலில், மேலே ஈரச்சாக்கு போட்டு விடுங்கள். பிறகு பேசினைக் கவிழ்த்து அடியில் தட்டினால் பொத்தென்று வந்துவிடும். ஆர்வக் கோளாறில் அன்றைக்கே பாரில் மாட்டிப் பார்க்காதீர்கள், நான் மாட்டிப் பார்த்து இரண்டு பிளேட்டைக் குப்பையில் போட்டேன். தண்ணீர்த் தொட்டியிலோ டிரம்மிலோ ஒரு வாரம் முழுக்க முக்கி வையுங்கள், அப்புறம் நிழலில் காயட்டும். சிமெண்ட் முழுப் பலம் பிடிக்க 28 நாள் ஆகும் என்பது கட்டடக் கணக்கு, ஒரு வாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் வந்திருக்கும்.

ஓரம் உடையாமல் இருக்க ஒரு சின்ன வேலை. பஞ்சர் கடையில் 10 இஞ்ச் ஸ்கூட்டர் டியூப் பழையது கேளுங்கள். உள்வட்டத்தை ஒட்டிக் கத்தரிக்கோலால் கீறி விரித்து, பிளேட்டின் ஓரத்தில் இழுத்து மாட்டினால் கச்சிதமாகக் கவ்விக்கொள்ளும். சத்தமும் பாதியாகக் குறையும். கடைசியில் எல்லாவற்றையும் மளிகைக் கடைத் தராசில் எடை போட்டு, வந்த எடையை பெயிண்டால் எழுதிவிடுங்கள். 9.6 வந்தால் 9.6 என்றே எழுதுங்கள், யாரை ஏமாற்றப் போகிறோம்.

பாரும் டம்பெல்லும்

ஜி.ஐ. பைப்பில் மஞ்சள் பட்டை போட்டது ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. தூக்குகிற காரியத்துக்குச் சிவப்புப் பட்டைதான். ஒரு இஞ்ச் சி கிளாஸ் பைப்பின் சுவர் 4 எம்எம் தடிமன் இருக்கும், மீட்டருக்கு மூன்று கிலோ அளவு வரும், ஆறடிக்கு வெட்டினால் ஐந்தரை கிலோ பார். இதில் மொத்தம் 50 கிலோவைத் தாண்டி நான் மாட்டுவதில்லை. அதற்கு மேல் போகும் நாள் வந்தால் நல்ல விஷயம், அன்றைக்கு ஜிம்முக்கென்றே செய்த பாரைக் கடையில் வாங்கிவிடுங்கள். கட்டடக் கம்பியை பாராக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு, அதன் மேலிருக்கும் வரிகள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். வழவழப்பான 28 எம்எம் உருட்டுக் கம்பி கிடைத்தால் வாங்கலாம், கம்பி கட்டுகிறவர்கள் சொல்லும் சூத்திரப்படி விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும், 28-க்கு 4.8 கிலோ.

பிளேட் நழுவாமல் இருக்க, உள்பக்கம் ஒரு தடுப்பு வேண்டும். வெல்டிங் பட்டறையில் இரண்டு பெரிய வாஷரை வைத்து ஒட்டிக் கொடுப்பார்கள். வெளிப்பக்கத்துக்கு பைப் முனையில் மரை போட்டு நட் மாட்டலாம், பைப் விற்கும் கடையிலேயே மரை போடும் மெஷின் இருக்கும். ஒன்று முக்கியம்: ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம், அதன்மேல் அப்படியே வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் வரும். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், புகை வரும் பக்கம் நிற்காதீர்கள்.

டம்பெல்லுக்கு அச்சு பிரியாணி டப்பா. வட்டமான ஒரு லிட்டர் டப்பா என்றால் ஒரு பக்கம் 2.3 கிலோ, இரண்டு பக்கமும் பைப்பும் சேர்ந்து ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முக்கால் இஞ்ச் பைப்பை 28 செ.மீ நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் குறுக்கே ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் 8 எம்எம் போல்ட் ஒன்றைச் செருகி நட் போடுங்கள். அந்த போல்ட்தான் சிமெண்டுக்குள் கொம்பு மாதிரி நின்று குண்டு சுழலாமலும் கழலாமலும் பிடிக்கும். என்னுடைய கதையில் இல்லாமல்போனது இதுதான். ஒரு முனையை டப்பாவில் நிறுத்தி வார்த்து, மூன்று நாள் கழித்துத் திருப்பி மறுமுனை. பைப் நேராக நிற்கச் சுவரோடு சாய்த்துக் கயிறு கட்டலாம், அல்லது வீட்டில் யாராவது சும்மா இருந்தால் ஒரு மணி நேரம் பிடிக்கச் சொல்லலாம், நான் இரண்டாவதைச் செய்து பார்த்துவிட்டு முதலாவதற்கு வந்தேன்.

மணல் மூட்டை

ஒரே ஒரு சாமான்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு கம்மி, விழுந்தால் தரை உடையாது, கால் விரலில் விழுந்தாலும் வலியோடு போகும். தென்மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்களே, வழவழப்பான உருண்டைக் கல், பிடிக்க இடமே இருக்காது, தரையிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து மார்புக்கு, அங்கிருந்து தோளுக்கு என்று ஏற்றுவார்கள். மணல் மூட்டையும் அதே வேலையைத்தான் வாங்கும், கல்லைவிடச் சாதுவாக.

எம்-சாண்டை வாங்கி வந்ததும் மாடியில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு கட்டினால் எடை தப்பாக வரும், ஒரு மாதத்தில் நாற ஆரம்பிக்கும். காய்ந்த மணலைத் தடித்த பாலித்தீன் கவரில் 5 கிலோ வீதம் போட்டு, முழுக்க நிரப்பாமல் தளர்வாக விட்டு வாயைக் கட்டி, அதை இன்னொரு கவருக்குள் தலைகீழாகப் போட்டு, பிரவுன் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். பழைய ஜீன்ஸ் இருந்தால் காலை வெட்டி ஒரு முனையைத் தைத்து அதற்குள் இந்தப் பொட்டலங்களைப் போடலாம், ஒரு காலில் தாராளமாக 10 கிலோ பிடிக்கும்.

வெளிப் பைக்கு லாரி தார்ப்பாய். பழைய தார்ப்பாய்த் துண்டை வாங்கி, தார்ப்பாய் தைப்பவரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ கொடுத்தால் தடித்த நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுப்பார். 60 செ.மீ நீளம், 25 செ.மீ விட்டம் இருந்தால் 30 கிலோ மணல் போட்ட பிறகும் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். மணல் உள்ளே அங்கும் இங்கும் ஓடினால்தான் இடுப்பும் முதுகும் சேர்ந்து வேலை செய்யும். கைப்பிடி வைத்துத் தைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் நான் வைத்த கைப்பிடியை ஒரு மாதத்தில் வெட்டி எடுத்துவிட்டேன். பிடிக்க இடம் இருந்தால் அதையே பிடித்துத் தூக்குகிறோம், கட்டி அணைத்துத் தூக்குவதே இல்லை. ஆரம்பத்தில் 15 கிலோ போடுங்கள், தோளுக்கு ஏற்ற வந்தபிறகு பொட்டலம் பொட்டலமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

புல்-அப் பார்: இங்கே நிதானம்

தொங்கிக்கொண்டு உடம்பை மேலே இழுக்கும் பார் இது, உடைந்தால் விழுவது நாம். அதனால் இதை மட்டும் நிறையப் பேசுகிறேன்.

முதலில் எதில் தொங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபேன் கொக்கி கூடாது. மாடிக் கைப்பிடிச் சுவரில் பதித்த ஆங்கிள் கூடாது, அந்தச் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்ச் செங்கல், தள்ளினாலே ஆடும். மரக்கிளையில் தொங்கலாம், வேம்பு, புளியில் தொடை கனத்துக் கிளையாக இருந்தால். முருங்கையில் வேதாளம் வேண்டுமானால் தொங்கலாம், நாம் தொங்கினால் கிளையோடு கீழே வருவோம்.

சுவரில் பிராக்கெட் அடித்து பாரை முன்னால் நீட்டுவதைத்தான் பலர் செய்கிறார்கள், கடையிலும் அதுதான் கிடைக்கிறது. அதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். பார் சுவரிலிருந்து 60 செ.மீ தள்ளி நிற்கிறது, மேல் போல்டுக்கும் கீழ் போல்டுக்கும் நடுவில் 30 செ.மீ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ ஆள் அசையாமல் தொங்கினாலே மேல் போல்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை 160 கிலோ. அவர் விருட்டென்று ஏறி இறங்கினால் அது இன்னும் எகிறும். கான்கிரீட் பீமிலோ தூணிலோ 10, 12 எம்எம் ஆங்கர் போல்ட் போட்டால் தாங்கும். செங்கல்லில் சந்தேகம். ஹாலோ பிளாக் சுவர், எடை குறைந்த வெள்ளை பிளாக் சுவர் என்றால் நினைக்கவே வேண்டாம். டிரில் போடும்போது வரும் தூளைப் பாருங்கள், சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் நிறத்தில் வந்து டிரில் திணறினால் கான்கிரீட், வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதைவிடப் பாதுகாப்பானது இரண்டு சுவருக்கு நடுவில் குறுக்காக பைப் கொடுப்பது. மாடிப்படி ஏறி வரும் அறையில், சந்தில், இந்த மாதிரி எதிரெதிர்ச் சுவர் கிடைக்கும். ஒரு இஞ்ச் சி கிளாஸ் பைப், இடைவெளி நாலடிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் பைப் வளையத் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவராக இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் நாலு இஞ்ச் உள்ளே போக வேண்டும், சுற்றிலும் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையை இறுக்கி அடைத்து இரண்டு வாரம் தொடாமல் விட வேண்டும். இதில் எடை நேராகக் கீழே இறங்குகிறது, பிடுங்கும் வேலையே இல்லை. வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்டுவிட்டு ஓட்டை போடுங்கள். என் ஓனர் தொட்டி மூடியை மறக்காதவர், ஆனாலும் "அதுல துணி காயப்போட்டுக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டுச் சம்மதித்தார், இப்போது மழை நாளில் அவர்கள் வீட்டுப் போர்வைக்கு நடுவில் முகத்தை நுழைத்துத்தான் நான் புல்-அப் எடுக்கிறேன்.

தரையோடு கொல்லை இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இரண்டு இஞ்ச் ஜி.ஐ. பைப் ஒன்பது அடியில் இரண்டு, நாலடி இடைவெளியில் ஓரடிச் சதுரம் இரண்டடி ஆழத்தில் இரண்டு குழி. பைப்பின் அடிமுனையில் குறுக்காக ஒரு கம்பித் துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள், தூண் திரும்பாது. ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, கீழே ஒரு பிடி ஜல்லி போட்டு, ஒன்றுக்கு இரண்டு நாலு கலவையில் நிரப்பினால் ஒவ்வொரு தூணுக்கும் 130 கிலோவுக்கு மேல் கான்கிரீட் காலடியில் இருக்கும். மேலே குறுக்கு பாரை வெல்டிங்கில் ஒட்டுங்கள். எல்போ வைத்து மரையில் திருகினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மரை போட்ட இடத்தில் பைப்பின் கனம் குறைந்துவிடும், முறிவது அங்கேதான்.

எப்படிப் போட்டாலும் முதல் சோதனை உங்கள் உடம்பு அல்ல. மணல் மூட்டைகளைக் கயிற்றில் கட்டி, உங்கள் எடையைப்போல இரண்டு மடங்கு ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். காலையில் சுவரில் தலைமுடி அளவுக்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நீங்கள் தொங்குங்கள்.

பார் நின்றுவிட்டால் அதிலேயே கப்பி மாட்டலாம். கிணற்றுக் கப்பிதான், ராட்டினம், சகடை என்று ஊருக்கு ஒரு பேர். போர்வெல் வந்தபிறகு பழைய இரும்புக் கடையில் சும்மா கிடக்கிறது. இரண்டு கப்பியை அரை மீட்டர் தள்ளித் தள்ளிக் கட்டி, நைலான் கயிற்றை இரண்டின் வழியாகவும் விட்டு, ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் மணல் வாளி. ஒரே கப்பி போட்டால் வாளி நேராக உங்கள் மடிக்குமேல் ஆடும், இரண்டு போடுவது அதற்காகத்தான். அச்சில் கிரீஸ் வைக்காமல் இழுத்தால் தெருவுக்கே கேட்கும்.

பெஞ்சும் ஸ்டாண்டும்

பெஞ்சின் உயரம் 42-லிருந்து 45 செ.மீ, அகலம் 30 செ.மீ, நீளம் நாலடி. இவை பவர்லிஃப்டிங் போட்டி விதியில் இருக்கும் அளவுகளை ஒட்டியவை, நம் உடம்புக்கும் சரியாக இருக்கும். சட்டத்தை வெல்டிங் பட்டறையில் 2 எம்எம் தடிமனுள்ள ஒன்றரை இஞ்ச் சதுர பைப்பில் செய்யச் சொல்லிவிடுங்கள், மேலே 19 எம்எம் பிளைவுட். மெத்தைக்கு பைக் சீட் கவர் போடும் கடைக்குப் போங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் படுத்ததும் அமுங்கிவிடும், துண்டு துண்டாக அழுத்திச் செய்த கனமான ஃபோம் கேளுங்கள், ரெக்சினை இழுத்துப் பின் அடித்து அரை மணி நேரத்தில் தந்துவிடுவார்கள்.

பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதுதான் ஸ்குவாட், அதற்கான ஸ்டாண்டுக்குப் பழைய கார் டயர் இரண்டு. நடுவில் இரண்டு இஞ்ச் சதுர பைப்பை நிறுத்தி, டயர் முழுக்கக் கான்கிரீட் நிரப்பினால் ஒவ்வொன்றும் 60, 70 கிலோ கனத்தில் அசையாமல் நிற்கும். பார் உட்காரும் யூ வடிவக் கொக்கியைத் தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே ஒட்டச் சொல்லுங்கள்.

பெஞ்சில் மல்லாந்து படுத்து பாரை மார்புக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸை மட்டும் தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பார் இறங்கித் தங்க ஒரு தாங்கி இல்லாவிட்டால் கழுத்துக்கும் பாருக்கும் நடுவில் கை மட்டும்தான் இருக்கிறது. தரையில் படுத்துச் செய்தால் பிளேட் தரையில் முட்டிப் பாரை நிறுத்திவிடும் என்று நினைப்பார்கள். கடையில் கிடைக்கும் பெரிய பிளேட்டுக்கு அது சரி, அதன் விட்டம் 45 செ.மீ, பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை செ.மீ உயரத்தில் நிற்கும். நம் பேசின் பிளேட்டில் 15 செ.மீதான், அதற்குள் மார்பு இடிபட்டுவிடும். தனியாள் என்றால் டம்பெல் போதும், முடியாவிட்டால் பக்கத்தில் போட்டுவிடலாம். இதே உயரக் கணக்கு, தரையில் கிடக்கும் பாரைக் குனிந்து தூக்கும் டெட்லிஃப்டுக்கும் உண்டு. பார் ஏழரை செ.மீ தாழ்வாக இருப்பதால் முதுகு வளையும், இரண்டு பக்க பிளேட்டுக்கும் கீழே மூன்று இஞ்ச் மரக்கட்டையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். செங்கல்லும் அதே உயரம்தான், ஆனால் தூளாகிவிடும்.

தரை

மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் மேட் வாங்குங்கள். ஜிம் மேட் என்று விற்பதைவிட மலிவு, மாடு நின்று மிதித்தே கிழியாதது. புதிதில் ஒரு வாரம் ரப்பர் நாற்றம் அடிக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் போட்டால் குறையும்.

மொட்டை மாடி எவ்வளவு தாங்கும் என்ற பயம் எல்லோருக்கும் வரும். ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பது நம் நாட்டுக் கட்டட விதியில் உள்ள கணக்கு. ஆக நம் சாமான்களைப் பரப்பி, சுவரை ஒட்டி வைத்தால் ஒழுங்காகக் கட்டிய வீட்டில் பிரச்சினை இல்லை, எல்லாவற்றையும் நடு மாடியில் குவிப்பதும் தூக்கியதைத் தொப்பென்று போடுவதும்தான் தப்பு. ஓடு பதித்த பழைய மாடி, கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றால் தரைத்தளத்துக்குப் போய்விடுங்கள்.

வாங்கிவிட வேண்டியவை

ஜிம்னாஸ்டிக் வளையமும் அதன் பட்டையும் வாங்குங்கள், கயிறு கட்டிச் சமாளிக்காதீர்கள். கதையும் கர்லாக்கட்டையும் வேண்டும் என்றால் மரக்கடைசல் பட்டறையில் ஒரே மரத்தில் கடைந்து வாங்குவதுதான் சரி, ஒட்டுப்போட்டது எதையும் தலையைச் சுற்றிச் சுழற்றக் கூடாது, இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. ரப்பர் பேண்டுக்குப் பதிலாக சைக்கிள் டியூப் நன்றாகவே உழைக்கும், ஆனால் முகத்தை நோக்கி இழுக்கிற பயிற்சி எதற்கும் அது வேண்டாம். வெயிலில் விட்டால் வெடித்துப்போகும், பஞ்சர் கடைக்காரர் செய்கிற மாதிரி பவுடர் போட்டு நிழலில் சுருட்டி வையுங்கள், இழுப்பதற்கு முன்னால் வளைத்துப் பார்த்து மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரின் வெல்டிங்கைச் சுற்றி ஒரு முறை பார்த்து, துரு தெரிந்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிடுவேன். அப்புறம் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டையில் விரல் கொடுத்துத் தூக்கி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல பிளேட் ணங் என்று சொல்லும். உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது, ஆனால் டொக் என்று செத்த சத்தம் வரும், அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அப்படி ஒதுக்கியவை நாலு, இரண்டு துளசி மாடத்துக்கு அடியில், ஒன்று கேட் காற்றில் அடிக்காமல் இருக்க, இன்னொன்று அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு மேல்.